அழாத சொம்பு

காதில் செருகியிருக்கும் அந்தப் பாட்டுக் குமிழ்களைக் கழற்றுங்கள், தம்பி. எதிர் இருக்கையில் ஒரு மனுஷி உட்கார்ந்திருக்கிறாள். சென்னை வரும்வரை உட்கார்ந்திருக்கப் போகிறாள். அவள் பேசும்போது தலையை மட்டும் ஆட்டுவது நாகரிகமாகாது. இன்னொரு காதிலும் இருக்கிறது. நன்றி.

நீங்கள் ஏறியதிலிருந்து என் மடியிலுள்ள மஞ்சள் பையைப் பார்க்கிறீர்கள். மேலே வைக்கட்டுமா என்று கேட்டீர்கள், வேண்டாம் என்றேன். கீழே வைக்கட்டுமா என்றீர்கள். அதற்கும் வேண்டாம் என்றேன். உடனே உங்கள் முகத்தில் ஒரு சந்தேகம். நகை இல்லை. சாம்பலும் இல்லை, என் கணவர் உயிரோடு வீட்டில் மோர் குடித்துக்கொண்டிருக்கிறார். இது ஈயச் சொம்பு. ரசம் வைக்கிற பாத்திரம். எனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். அவளைப் பெற்றவளுக்குப் பத்திய ரசம் வைத்துக் கொடுப்பதற்காகக் கொண்டுபோகிறேன். சொம்பைக் கொண்டுவரக் கூடாது என்பது மருமகளின் உத்தரவு. கொண்டுவந்தால் குழந்தையைப் பார்க்காமல் வாசலோடு திரும்ப வேண்டும் என்பது உத்தரவின் இரண்டாம் பகுதி. ஆகவேதான் மடியிலேயே வைத்திருக்கிறேன்.

ஏன் என்று கேளுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

என் பெயர் பர்வதவர்த்தினி. மாயவரத்துக்குப் பக்கத்தில் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருந்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். தனிம அட்டவணையை எந்த மூலையிலிருந்து கேட்டாலும் சொல்வேன். என்னிடம் படித்தவர்களில் மருத்துவர்கள் உண்டு. துணை ஆட்சியர் ஒருவர் உண்டு. சாராயம் காய்ச்சிச் சிறைக்குப் போனவனும் உண்டு. அவன் காய்ச்சி வடித்தல் பாடத்தை மட்டும் கவனமாகப் படித்தவன். கணவர் அம்பலவாணன், சார்பதிவாளராக இருந்தவர். கணவர் பெயரைச் சொல்லக் கூடாதாம். வகுப்பு வகுப்பாகப் பெயர் கூப்பிட்டவளுக்கு ஒரு பெயர் கூடுதலாகச் சொன்னால் வாய் நோகுமா?

எங்களுக்கு ஒரே மகன், ஸ்கந்தன். கணிப்பொறிக்காரன். ஈரோட்டில் ஒரு பெண்ணைத் தானே பார்த்து, தானே முடிவு செய்து, எனக்குத் தகவல் தெரிவித்தான். சிந்துஜா. வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ங்க’ போட்டுப் பேசுவாள். அது மரியாதையா பழக்கமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவள் உண்டாகியிருந்த சமயத்தில் இவனை அலுவலகத்தார் ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுக்குத் தாய் இல்லை. ஆகவே பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். தாயில்லாத பெண் என்று தெருவே உச்சுக்கொட்டியது. நான் உச்சுக்கொட்டவில்லை. கால அட்டவணை போட்டேன். எழுந்திருக்க ஒரு நேரம், நடக்க ஒரு நேரம், கீரை, பேரீச்சம்பழம், இருவேளையும் ரசம்.

ரசம் என்றால் ஈயச் சொம்பு ரசம். உங்கள் வீட்டில் எதில் வைப்பார்கள்? குக்கரிலா? சரி, உங்கள் விதி.

ஈயம் என்றவுடன் சிலர் முகம் சுளிப்பார்கள், அது கல்வியின்மை. ரசச் சொம்புக்குரியது வெள்ளீயம். நஞ்சு என்பது காரீயம். இரண்டும் வேறு வேறு தனிமங்கள். வெள்ளீயத்தின் அடர்த்தி ஏழு புள்ளி மூன்று. காரீயத்தின் அடர்த்தி பதினொன்று புள்ளி மூன்று. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இன்னொரு வேறுபாடும் உண்டு. நல்ல வெள்ளீயத்தை வளைத்தால் அது அழும். சிரிக்காதீர்கள், பாடப் புத்தகத்தில் இருக்கிறது. உள்ளேயிருக்கும் படிகங்கள் நெரிபட்டு, கறுக் கறுக் என்று ஓர் ஒலி எழும். வகுப்பில் ஒரு துண்டைப் பிள்ளைகளின் காதருகே வளைத்துக் காட்டுவேன். மதிய உணவுக்குப் பின் தூங்குகிறவனும் விழித்துக்கொள்வான். காரீயம் அழாது. எவ்வளவு வளைத்தாலும் சாதுவாக வளைந்துகொடுக்கும். சாதுவானவற்றை நம்பக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுவேன்.

இல்லை, இது என் மாமியாருடைய பழைய சொம்பு இல்லை. அதை அம்பலவாணன் உருக்கிவிட்டார். ஈயச் சொம்பை வெறுமையாக அடுப்பில் வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் தொட்டில் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பத்திரங்களைப் பதிவு செய்தே வாழ்ந்த மனிதருக்குத் தெரியவில்லை. வெந்நீர் போடுகிறேன் என்று சொம்பை ஏற்றிவிட்டு, தண்ணீரை மறந்துவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது மூன்று தலைமுறை அடுப்பின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. “ஏதோ வெள்ளையா வழியுது பர்வதம், பால் வச்சியா?” என்றார்.

உருகிய கட்டியைப் பாத்திரக் கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரன் பக்கிரிசாமி என் மாணவன். வேதியியலில் நூற்றுக்குப் பதினெட்டு வாங்கியவன். அதிலும் பாதி என் கருணை. என்னைக் கண்டதும் கல்லாவை விட்டிறங்கி, வாடிக்கையாளர்கள் பார்க்க, நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தான். பிறகு உள்ளேயிருந்து ஒரு சொம்பை எடுத்துவந்தான். “டீச்சர், ஒங்களப் போயி ஏமாத்துவனா? கையில தூக்கிப் பாருங்க. கடையிலயே இதான் கனம்” என்றான். தூக்கிப் பார்த்தேன். உண்மைதான். என் மாமியாரின் சொம்பைவிடச் சிறியது. ஆனால் அதைவிடக் கனம். கட்டியை வாங்கிக்கொண்டு இவ்வளவு கனமாக எவன் தருவான்? குருபக்தி என்பது இன்னும் சில பேரிடம் இருக்கிறது.

வளைத்துப் பார்த்தேனா என்று கேட்கிறீர்களா? எதற்கு? வாங்குகிற பொருளையெல்லாம் சந்தேகிப்பது சந்தையில் கத்தரிக்காய் ஒடித்துப் பார்க்கிறவர்களின் வழக்கம். அவன் காலில் விழுந்தான் என்று சொன்னேன் அல்லவா?

இப்போது வில்லன் வருகிறான். எங்கள் தெருக்கோடிக்கு அப்பால், வாய்க்கால் தாண்டி, பழைய பேட்டரிகளை உடைத்துக் காரீயம் உருக்கும் பட்டறை ஒன்று முளைத்தது. தகரக் கொட்டகை, ஒரு புகைபோக்கி, வாசலில் ஒரு பிள்ளையார். நம் ஊரில் எந்த நஞ்சு விற்பதாயிருந்தாலும் முதலில் ஒரு பிள்ளையாரை உட்கார வைத்துவிடுகிறார்கள், அவரும் ஆட்சேபிப்பதில்லை. புகை வந்த நாளிலேயே நான் மனு எழுதத் தொடங்கினேன். மாவட்ட ஆட்சியருக்கு, மாசு தடுக்கிறவர்களுக்கு, எல்லாருக்கும். ஒரு மனுவுக்குக்கூட எழுத்துப்பிழை இல்லாத பதில் வரவில்லை. ஆய்வுக்கு வந்த அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று, ‘துர்நாற்றம் உணரப்படவில்லை’ என்று எழுதினார். பொத்திய மூக்கு எப்படி உணரும் என்று கேட்டேன். “மேடம், ரூல் அப்படிங்க” என்றார்.

பட்டறை முதலாளி எனக்கு ஒரு பொன்னாடை அனுப்பிவைத்தான். அதை அவனுடைய பிள்ளையாருக்கே போர்த்திவிட்டு வந்தேன்.

இதற்கிடையில் சிந்துஜா நாளுக்கு நாள் வெளுத்தாள். இரும்புச் சத்து மாத்திரை எத்தனை விழுங்கினாலும் இரத்தம் ஏறவில்லை. தலைவலி, வயிற்றுப் பிடிப்பு. “அத்தை, வாயெல்லாம் காசு நக்குன மாதிரி இருக்குதுங்க” என்பாள். ரசத்தைக் கண்டால் ஒதுக்குவாள். பசியின்மைக்கு ரசத்தைவிட மருந்து ஏது? இன்னும் கொஞ்சம் புளி கூட்டி, சுரீரென்று வைத்துக் கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை எதிரே நிற்பேன். மாணவர்களைக் கண்காணித்த கண் அல்லவா?

கடைசியில் என் மனுக்களுக்கு ஒரு பலன் கிடைத்தது. மருத்துவக் குழு வந்து பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். பட்டறையைச் சுற்றியுள்ள தெருக்களில் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும், விரும்பிய மற்றவர்களுக்கும், இரத்தத்தில் காரீயம் இருக்கிறதா என்று பார்க்க. டாக்டர் நிலோஃபர் என்று ஒரு பெண். வயது என் கண்ணாடிச் சட்டத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். சிந்துஜாவை அழைத்துப்போனேன். நானும் இரத்தம் கொடுத்தேன், அம்பலவாணனையும் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கொடுக்க வைத்தேன்.

முடிவு வந்தது. சிந்துஜாவுக்கு, இருக்கலாம் என்று சொல்லும் அளவைப்போலப் பலமடங்கு. முகாமிலேயே அவளுக்குத்தான் அதிகம். பட்டறைச் சுவரை ஒட்டிய குடிசையில் இருக்கும் கர்ப்பிணிக்குக்கூட அதில் பாதி இல்லை. எனக்கும் அதிகம், அது ஆய்வகத்தில் வேலை பார்த்த காலத்து மிச்சம். அம்பலவாணனுக்கு? ஒன்றுமேயில்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவு. “காத்து ஒனக்கும் எனக்கும் ஒண்ணுதானே, பர்வதம்?” என்றார். “உங்களுக்கு மூச்சு விடுவதிலும் சோம்பல்” என்றேன். அவர் விடவில்லை. “நான் வயித்துப் புண்ணுக்குப் பயந்து ரசமே தொடறதில்லையே” என்றார். சாப்பாட்டு வேளையில் சம்பந்தமில்லாமல் பேசுவது அவருடைய நெடுநாள் பழக்கம். மோரை நகர்த்திவைத்தேன், அமைதியானார்.

டாக்டர் நிலோஃபர் வீட்டுக்கே வந்தாள். “ஆன்ட்டி, வீட்டுக்குள்ள ஏதாவது இருக்கா? பாத்திரம், கண் மை, நாட்டு மருந்து, பெயின்ட்?” என்றாள். என்னிடம்! காரீயம் எப்படி வேலை செய்யும் என்று அவளுக்கு நான் பாடம் எடுத்தேன். அது சுண்ணாம்புச் சத்துபோல் வேடம் போட்டு எலும்பில் குடியேறும். பிள்ளை வயிற்றில் வளரும்போது தாயின் எலும்பு கரைந்து பிள்ளைக்குச் சுண்ணாம்பு கொடுக்கும். அதோடு இதுவும் போகும். தொப்புள்கொடியில் காவல்காரன் கிடையாது. பிள்ளையின் எடையைத் தின்னும், அறிவைத் தின்னும், முழு மாதம் ஆகுமுன் வெளியே தள்ளும். அவள் வாயைத் திறந்தபடி கேட்டாள். “இவ்வளவு தெரிஞ்சவங்க வீட்டுலயா?” என்றாள். பாராட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனாலும் அறிவியல் என்றால் முறைமை. அன்று மாலையே வீட்டைச் சலித்தேன். சிந்துஜாவின் கண் மை, உதட்டுச் சாயம், நகச் சாயம் எல்லாம் போயின. கடை மஞ்சள்தூள் போனது. கொசுவர்த்தி, பாச்சை உருண்டை, அம்பலவாணனின் லேகியம், பூஜையறைச் செந்தூரம் போயின. முருகன் மூன்று நாள் பொட்டில்லாமல் இருந்தார், அவருக்கொன்றும் ஆகவில்லை.

அப்புறம் ஊறுகாய் ஜாடி. சிந்துஜா ஈரோட்டிலிருந்து கொண்டுவந்தது. வெள்ளைப் பீங்கான், கழுத்தில் பழுப்புப் பட்டை. அவளுடைய அம்மா புழங்கிய ஜாடி; உள்ளே அந்த அம்மாள் கடைசியாகப் போட்ட எலுமிச்சை ஊறுகாயின் அடிக்கசடு. அதை அவள் சாப்பிடவும் மாட்டாள், கழுவவும் மாட்டாள். சில நாள் மூடியைத் திறந்து மோந்துவிட்டு மூடிவைப்பாள். நான் விளக்கினேன். பழைய பீங்கானின் பளபளப்பில் காரீயம் இருக்கக்கூடும். புளிப்பிலுள்ள அமிலம் காரீயத்தைக் கரைக்கும். பதினோராம் வகுப்புப் பாடம். “நான் அதுல எதையும் திங்கறதில்லைங்களே அத்தை. வெறுமனே வச்சிருக்கறனுங்க” என்றாள். இருக்கக்கூடும் என்பதே போதுமானது என்று சொல்லி, கொல்லையில் போட்டு உடைத்தேன். அவள் அழுதாள். அன்றைக்கு ரசத்தில் இன்னொரு கரண்டி கூடுதலாகவே ஊற்றினேன். அழுதால் உடம்பில் நீர் குறையும்.

என்ன தம்பி, ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டீர்கள்? கேளுங்கள்.

பட்டறை வாசலில் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தெருவே பின்னால் வந்து உட்கார்ந்தது. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். கடைசியில் பூட்டுப் போட்டார்கள். பூட்டு விழுந்த சத்தத்தைப்போல ஒரு சங்கீதம் நான் கேட்டதில்லை. புகை நின்றது, தெருப் பிள்ளைகளுக்கு இருமல் நின்றது. மூன்று வாரம் கழித்து மறுபடி இரத்தம் எடுத்தார்கள். மற்ற கர்ப்பிணிகளுக்கெல்லாம் இறங்கியிருந்தது. சிந்துஜாவுக்கு ஏறியிருந்தது.

நான் என்ன முடிவுக்கு வருவேன்? இரவில் திருட்டுத்தனமாக உருக்குகிறான் என்றுதான். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். உதவி ஆய்வாளர் போய்ப் பார்த்துவிட்டு, “டீச்சர், உள்ள ஒரு நாய் குட்டி போட்டிருக்கு. வேற ஒண்ணுமில்ல” என்றார். நாய்க்குட்டிகள் ஆறும் கொழுகொழுவென்று இருந்ததாக வேறு சொன்னார். அதை ஏன் என்னிடம் சொன்னார் என்று புரியவில்லை.

மறுநாள் அடுக்களைக்குள் போகிறேன். சிந்துஜா சொம்பைக் காதருகே வைத்துக்கொண்டு விளிம்பை அழுத்திக்கொண்டிருக்கிறாள். “என்ன செய்கிறாய்?” என்றேன்.

“அழுவுதான்னு பாக்கறனுங்க அத்தை. நீங்கதானுங்க சொன்னீங்க, நல்ல ஈயம் அழும்னு.”

“அழுததா?”

“இல்லைங்க.”

“உனக்கு அழுத்தத் தெரியவில்லை” என்று சொல்லி வாங்கிவைத்தேன். கர்ப்பிணிக்குக் கைப்பலம் குறைவு. சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், அவள் போடவில்லை. “நானும் பாப்பாவும் போறமுங்க” என்று மட்டும் சொன்னாள். மாலை வண்டியில் ஈரோட்டுக்கு, அவள் அப்பாவிடம் போய்விட்டாள். வளைகாப்புக்கு வாங்கிவைத்த வளையல்களெல்லாம் அட்டைப்பெட்டியில் கிடந்தன. அம்பலவாணன் ரயிலடிவரை போய் ஏற்றிவிட்டு வந்து, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வீடு நிம்மதியாக இருந்தது.

அங்கே போனபின் அவளுக்குப் பாதியாகக் குறைந்துவிட்டதாம். பார்த்தீர்களா? காற்று மாறியது, குறைந்தது. என் கூற்று நிரூபணமாயிற்று என்று மகனுக்கு எழுதினேன். அவன் ஒரே ஒரு வரி பதில் போட்டான். “அம்மா, அப்பாவும் அந்தக் காத்தைத்தானே சுவாசிச்சார்?” இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வது, சேர்ந்து சதி செய்ததற்குச் சான்று.

ஸ்கந்தன் திரும்பிவந்து அவளைச் சென்னைக்கு அழைத்துக்கொண்டான். போன வாரம் பிறந்துவிட்டது. முழு மாதம் ஆகவில்லை. பெண். மிகச் சிறியது, உள்ளங்கையில் அடங்கும் என்கிறான். குழந்தையின் இரத்தத்தையும் எடுத்திருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. வளர வளரப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம், நடப்பதை, பேசுவதை, படிப்பதை. நேற்று அவளே தொலைபேசியை வாங்கிப் பேசினாள். “வாங்க அத்தை. பேத்தியப் பாருங்க. ஆனா என்ற வீட்டுக்குள்ள அந்தச் சொம்பு வரக் கூடாதுங்க. வந்துச்சுன்னா நீங்களும் வரக் கூடாதுங்க.” அப்போதும் ‘ங்க’.

அதனால்தான் கொண்டுபோகிறேன். அவள் முன்னால், அவள் காதுக்குப் பக்கத்திலேயே வைத்து வளைத்துக் காட்டப்போகிறேன். அழுகிறதா இல்லையா, கேள் என்று சொல்லப்போகிறேன்.

வண்டி நின்றுவிட்டது. எதிரே வருகிற வண்டிக்காக நிறுத்தியிருப்பான். அந்த மின்விசிறியை அணையுங்கள். தலைக்குமேல் சுவிட்ச். இப்போது அமைதி. ஒத்திகை பார்த்துக்கொள்வதில் குற்றமில்லை. எனக்கு இடக்காது சற்று மந்தம். உங்கள் காது இளமையான காது. குனியுங்கள். இன்னும் கிட்டத்தில். இதோ, விளிம்பை வளைக்கிறேன்.

பக்கத்துப் பெட்டியில் யாரோ இருமினார்கள். இருங்கள், மறுபடி.

இந்தப் பக்கம் மெல்லிசாக இருக்கும். இங்கே வளைத்தால் கேட்கும்.

ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் உங்களைக் கேட்கவில்லை.

எவ்வளவு எளிதாக மடிகிறது! வெற்றிலையை மடிப்பதுபோல. என் கட்டைவிரலைப் பாருங்கள், பென்சில் சீவியதுபோல் கறுப்பு. இவ்வளவு சிறிய பாத்திரம், மடியில் வைத்திருந்ததற்குத் தொடையே மரத்துவிட்டது. ஏழு புள்ளி மூன்று எப்படி இவ்வளவு... சரி. அது உங்களுக்குத் தேவையில்லாத கணக்கு.

குழந்தை நன்றாக அழுகிறதாம். இரவும் பகலும் வீடு இரண்டுபடும்படி அழுகிறது என்றான் ஸ்கந்தன். நல்லது. அழட்டும்.

உங்கள் காலில் இருப்பது கட்டட வேலைக்குப் போடுகிற பூட்ஸ்தானே? முனையில் இரும்பு வைத்தது. எழுந்திருங்கள். சொம்பைக் கீழே வைத்திருக்கிறேன். மிதியுங்கள். அந்தப் பக்கத்து அம்மாள் பார்த்தால் பார்க்கட்டும். பயணச்சீட்டுக்குப் பொழுதுபோக்கும் சேர்த்தி. பாத்திரத்தை மிதிப்பது பாவமா? என்ன பாவம்? நான் தவறு செய்தேன் என்று எங்கேயாவது சொன்னேனா? சொல்லவில்லை. மிதியுங்கள் என்றுதான் சொல்கிறேன். குதிகாலை ஊன்றி. இன்னொரு முறை. சொம்பின் வாய் ஒட்டிக்கொள்ளும்வரை.

போதும். இனி இதில் எவளும் ரசம் வைக்க முடியாது. வெளியே எறியாதீர்கள், எவனாவது பொறுக்கி உருக்குவான். பைக்குள் போட்டு ரயிலடியில் பொருள் வைப்பறையில் ஒப்படைத்துவிட்டுப் போகிறேன். திரும்பும்போது பக்கிரிசாமிக்கு எடுத்துப்போக வேண்டும். இந்த முறை அவன் விழுந்தாலும் நான் காலை நகர்த்திக்கொள்வேன்.

ஒன்று கேட்க வேண்டும். வெள்ளைப் பீங்கான் ஜாடி, கழுத்தில் பழுப்புப் பட்டை போட்டது. சென்னையில் எங்கே கிடைக்கும் என்று தெரியுமா? புதிதாக வேண்டாம். பழையதாக, யாரோ ஓர் அம்மாள் புழங்கியதாக.

தெரியாதா. சரி.

உட்காருங்கள், தம்பி. விசிறியைப் போடுங்கள். அந்தக் குமிழ்களை இனி நீங்கள் மாட்டிக்கொள்ளலாம்.